அதுவா மூடிக்குது

"டாக்டர், இவ வேணும்னே பண்றா."

சிவநேசன் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டான்.

கல்யாணமாகி மூன்று வருடம். அவன் நெருங்கும்போதெல்லாம் வசுமதியின் பிறப்புறுப்பு இறுகிக்கொள்ளும். மீறி முயன்றால் உயிர் போகிற வலி. மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பயப்படாதே, தளர்வாக விடு.

"எப்படி விடறதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க!" வசுமதி வெடித்தாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் இறுக்கலை டாக்டர். என்னை மீறி நடக்குது."

"உன் உடம்பு. உன்னை மீறி எப்படி நடக்கும்?"

டாக்டர் ஸாஜிதா இருவரையும்விட இளையவள். இந்தக் கேள்வியோடு அந்த வாரத்தில் அவளிடம் வந்த கணவர்களில் இவன் நான்காவது.

பெருமூச்சு விட்டாள். எழுந்து வந்தாள். சிவநேசனின் கண்ணை நோக்கிச் சட்டென்று விரலை நீட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏன் மூடினீங்க?"

"குத்த வந்தா மூடாம?"

"குத்த மாட்டேன். மூடாதீங்க." மறுபடி விரலை நீட்டினாள்.

மூடியது.

"பயப்படாதீங்க சார்."

மூடியது.

"தளர்வா விடுங்க."

மூடியது.

"நான் எங்க மூடறேன்? அதுவா மூடிக்குது!" என்று கத்தினான்.

கத்திய பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

வசுமதியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"அப்ப இதுக்கு வழியே இல்லையா டாக்டர்?" என்றாள்.

"அந்த மை யார் போட்டது?"

"நான்தான்."

"கண்ணு மூடலையா?"

"முதல்ல மூடும். கொஞ்சம் கொஞ்சமா, நானே போட்டுப் போட்டுப் பழகிருச்சு."

"இவரு போட்டுவிட்டா?"

"ஐயோ, வேண்டாம்."

டாக்டர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து வசுமதியிடம் சொன்னாள்.

"நாமளும் அப்படித்தான் ஆரம்பிக்கப்போறோம். உங்க விரல். உங்க இஷ்டம்."

"எத்தனை நாளாகும்?" என்றான் சிவநேசன்.

"என்னை ஏன் கேக்கறீங்க?"

அவன் மனைவி பக்கம் திரும்பினான். அவளிடம் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

"இன்னைக்கு... என்ன பண்ணலாம்?"

வசுமதி கொஞ்சம் யோசித்தாள்.

"இன்னைக்கு ஒண்ணும் வேண்டாங்க."

மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

"சரி," என்றான்.

இறுகியிருந்த அவள் தோள்கள் தானாகத் தளர்ந்து இறங்கின.