ஏணிக்கு ஒரு மாலை

மேயர் தீயணைப்பு நிலையத்துக்குப் பளிங்கில் நுழைவு வளைவு கட்டினார். புது ஏணிக்கு மட்டும் காசில்லை என்றார். ஆயுத பூஜையன்று, துருவின்மேல் சந்தனம் பூசப்பட்டு நின்ற பழைய ஏணியைக் காட்டி, "ஏணி நல்லா இருக்குன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லு. இல்லேன்னா வேலை போயிடும்" என்று தீயணைப்பு வீரர் மாசாணத்தைக் காதோரமாக மிரட்டினார்.

"சொல்றேங்கய்யா. நீங்க உச்சிப்படிக்கு ஏறி மாலையைப் போட்டுட்டு இறங்குங்க. உடனே சொல்றேன்" என்றார் மாசாணம், எல்லாருக்கும் கேட்கும்படி.

பூஜைக்கு வந்திருந்த கூட்டம் கைதட்டியது. மேயர் மாலையோடு இரண்டு படி ஏறினார். ஏணி கிறீச்சிட்டு ஆடியது. விழுந்தடித்து இறங்கியவர், "இதுல மனுஷன் ஏறுவானா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார்.

"போன மாசம் ஜவுளிக்கடை தீப்பிடிச்சப்போ எங்க சூசை ஏறினாருங்கய்யா. இப்படித்தான் ஆடுச்சு. நெருப்புக்குள்ள விழுந்துட்டாரு."

மாசாணம் கையை நீட்டினார். "அந்த மாலையைக் குடுங்க. அவர் படத்துக்குப் போடணும்."