நாற்பத்திரண்டு சொற்கள்

“அம்மா, கமெண்ட் போடுத வசதியையே மூடிரலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

ஆவுடையப்பன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்து மூன்று. எதிரே பாயில் இருந்த தவமணி அம்மாவுக்கு நாற்பத்தைந்து. மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சபைக்கு அவர்தான் குரு. தன்னைவிட மூத்த சீடர்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன் அண்ணாச்சி?”

“தெனமும் அழுக்கு அள்ளி மாளலம்மா.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபையின் அன்னதானத்தில் சாப்பிட்ட சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். ஒரு வாரம் சபையின் பெயர் சந்தி சிரித்தது.

அப்போதுதான் ஆவுடையப்பன் முன்வந்தார். ஒரு கம்பெனியின் விளம்பரப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். சபையின் சேனல் அவர் கைக்கு வந்தது, பெயர் நிமிர்ந்தது. இப்போது ரெண்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் பூவும் கைகூப்பலுமாகக் குவிகிறது. தினமும் காலையில் அதில் பத்தைப் பொறுக்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். மனுஷன் சபையைத் தன் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டார். அதில் பொய் இல்லை.

“அந்த அழுக்கை நான் பாத்ததே இல்லையே.”

“நீங்க பாக்கக் கூடாதுன்னுதானம்மா நான் இருக்கேன்.”

“எப்படித் தடுக்கீங்க?”

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தாரோ.

“ஒரு பட்டியல் வச்சிருக்கேன். நாப்பத்திரண்டு வார்த்தை. அதுல ஒண்ணு இருந்தாலும் கமெண்ட் தானா மறைஞ்சிரும். ஒருத்தர் ரெண்டு தடவை மாட்டினா அவரு பேரையே சேத்திருவேன். அதுக்கப்புறம் அவரு என்ன எழுதினாலும் வெளிய வராது.”

“எழுதினவங்க சண்டைக்கு வரமாட்டாங்களா?”

“அங்கதாம்மா விஷயமே இருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எழுதினவங்க கண்ணுக்கு மட்டும் அது அப்படியே தெரியும். எல்லாரும் பாத்துட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க. வேற ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது.”

அம்மா சிரிக்கவில்லை.

“பட்டியலை வாசிங்க.”

வாசித்தார்.

“ஏமாத்து. போலி. பொய். திருட்டு. நடிப்பு. வயித்துப்போக்கு.”

“மேல.”

“செத்து. சாவு. தற்கொலை. பயம். அழுகை. தப்பு.”

“இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?”

“புதுசா வாரவங்க கண்ணுல பட்டா ஒரு மாதிரி இருக்கும்லாம்மா. துக்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. நம்ம சேனலைத் தொறந்தா ஒரு நிம்மதி தெரியணும்.”

வெளியே குருபூஜைப் பந்தலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க மொத மொதல்ல இந்த வாசலுக்கு வந்தீங்களே. அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னீங்க?”

பதினோரு வருஷம் ஆயிற்று. ஆனாலும் அது மறக்கிற வார்த்தையா?

“வீட்டுக்காரி செத்துட்டா, எனக்கு இருக்கவே பயமா இருக்குன்னு சொன்னேன்.”

“அதுல எத்தனை வார்த்தை உங்க பட்டியல்ல இருக்கு?”

பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆவுடையப்பன் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது பரவாயில்லை.

“ரெண்டு.”

“மறைச்சதைத் தொறங்க.”

நாலாயிரத்துச் சொச்சம் கிடந்தது. மறைந்தவற்றின் எண்ணிக்கையை மாதாமாதம் சபைக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாரே தவிர, ஆவுடையப்பன் அதை உட்கார்ந்து வாசித்தது கிடையாது. தன் பாட்டுக்கு வேலை செய்கிற ஒன்றை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?

“‘சபைன்னு பேரு. உள்ள பூரா நடிப்பு.’” வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். “பாத்தீங்களாம்மா? இதைத்தான் சொன்னேன்.”

“அது இருக்கட்டும். அடுத்தது.”

“‘பரீட்சையில பெயிலாயிட்டேன். வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு. பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கேன்.’”

“எப்ப எழுதினது?”

“போன சித்திரையில.”

“அடுத்தது.”

“‘எங்க அம்மா சாவோட போராடிக்கிட்டு இருக்காங்க. அவங்க காதுல நான் என்ன சொல்லணும்?’”

ஆவுடையப்பனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்றைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

“அது என்னது?”

“விளம்பரம்மா. பிச்சம்மாள் வெல்டிங் ஒர்க்ஸ்னு ஒரு கடை. பதிமூணு தடவை வந்திருக்கு.”

“வாசிங்க.”

“‘அம்மா வணக்கம். என் மகள் செத்து பதினாறு நாள் ஆச்சு. சாதாரணக் காய்ச்சல்னு கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தேன். நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரி கொண்டு போனேன். எம்மேல தப்பா அம்மா? இப்படிக்கு வெள்ளத்துரை, கடையநல்லூர்.’”

கடையின் பெயரில் இருந்த கணக்கிலிருந்து எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அதை ஆவுடையப்பன் விளம்பரம் என்று முடிவு கட்டிவிட்டார்.

“அடுத்த நாள் எழுதினது. ‘அம்மா, நேத்து கேட்டது அப்படியே இருக்கு. நீங்க பாத்திருப்பீங்க. எம்மேல தப்பா?’”

அந்த ‘தப்பா’வில் ரெண்டாம் தடவை மாட்டி, பெயரும் பட்டியலுக்குள் போயிருந்தது. அதற்குப் பிறகும் மனுஷன் விடாமல் எழுதியிருக்கிறார். பத்து தடவை. அதே கேள்வி.

“கடைசியா?”

“‘சரிம்மா.’”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். வெறும் ‘சரிம்மா’. ஒம்பது நாளாச்சு.” ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. “நாம ஒண்ணுமே சொல்லலையே. எதுக்குச் சரிங்காரு?”

அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

“ரெண்டு வருசமா எனக்கு ஒருத்தர்கூட அழுது எழுதலை. ஏன்னு நானும் கேக்கலையே அண்ணாச்சி. பூவா வந்துச்சு, வாங்கி வச்சுக்கிட்டேன்.”

எழுந்துவிட்டார்.

அந்தக் கணக்கில் போட்டிருந்த கடையின் எண்ணுக்கு ஆவுடையப்பன் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டார். எடுக்க ஆள் இல்லை.

“வண்டியை எடுங்க.”

“அம்மா, பத்து மணிக்கு குருபூஜை லைவ். எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. வெறும் நாற்காலியப் பாத்தா என்ன நெனப்பாங்க?”

“நெனக்கட்டும்.”

காரில் ஏறும்போதும் பழக்கம் விடவில்லை. “நீங்க அங்க போறதை ஒரு சின்ன வீடியோவா...” என்று ஆரம்பித்தவர், சொல்லி முடிக்கும் முன்பே தன் வாயை நினைத்துக் கூசிப்போனார். அம்மா எதுவும் கேட்காதவர்போல் கதவைச் சாத்தினார்.

வழியெல்லாம் ஆவுடையப்பனுக்கு ஒரே நினைப்புத்தான். அந்த ஆள் உயிரோடு இருக்கவேண்டும். சபை, பெயர், ரெண்டு லட்சம் பேர், எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. ரெண்டு இடத்தில் கியர் மாற்ற மறந்து வண்டி நின்றுவிட்டது.

கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள்.

“வெள்ளத்துரையா? கடையத் தொறக்காம பத்து நாளாச்சு. ஆளு பின்னால வீட்லதான் இருக்காரு. யார் போனாலும் பேச மாட்டேங்காரு.”

உயிரோடுதான் இருக்கிறார். ஆவுடையப்பன் கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

வீட்டுக்குள் வெள்ளத்துரை சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் பழைய தீக்காய வடுக்கள், முகத்தில் பல நாள் தாடி. வாசலில் நிற்பது யாரென்று தெரிந்ததும் பதறி எழுந்து, தலையைக் குனிந்துகொண்டார். தண்டனையை வாங்கிக்கொள்ள நிற்பவர்போல் நின்றார். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க அண்ணாச்சி.”

முப்பது வருஷமாகக் கம்பெனிக்கு மறுப்பும் விளக்கமும் எழுதிக் கொடுத்தவர். இப்போது கையைக் கூப்பினார்.

“ஐயா, என் பேரு ஆவுடையப்பன். சபையோட சேனலைப் பாத்துக்கிடுத ஆளு. நீங்க எழுதினது எதுவும் அம்மாவுக்கு வந்து சேரலை. நாந்தான் மறைச்சு வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் வாசிச்சோம்.”

வெள்ளத்துரைக்கு விளங்கவில்லை. போனை எடுத்து, தேடி, ஆவுடையப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்தா இருக்கே. பதிமூணும் இருக்கே.”

“உங்களுக்கு மட்டும்தாங்கய்யா அது தெரியும்.”

வெள்ளத்துரை போனைப் பார்த்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி, முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப, எம்மேல தப்பான்னு கேட்டதுக்கு நீங்க ஆமான்னு சொல்லலையாம்மா?”