முப்பத்திரண்டு குழிகள்

"கொலைகாரத் தெரு அது" என்றார் சென்னியப்பன்.

நாற்றுப் பண்ணையின் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சாகாத மரம் ஒண்ணு சொல்லு அம்மணி. வெந்நீர் ஊத்துனாலும் சாகக்கூடாது. உப்பைக் கொட்டினாலும் சாகக்கூடாது."

பூரணி நாற்றுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவர் நகராட்சிப் பூங்காப் பிரிவின் மேற்பார்வையாளர். தாவரவியல் படித்தவர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் விடை கிடைக்காதபோதெல்லாம் அவர் இங்கேதான் வந்தார், பதினோரு வருஷமாக. இருவரில் யார் குரு என்று கேட்டால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள்.

"பட்டறைத் தெரு. முப்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு குழி. ரெண்டு தடவை புங்கன் வெச்சேன். ரெண்டு தடவையும் ஒண்ணுகூட மிஞ்சலை. இந்தத் தடவையும் செத்தா குழியெல்லாம் சிமெண்ட் போட்டு மூடச் சொல்லிட்டார் கமிஷனர். அப்புறம் அந்தத் தெருவுக்கு எந்தக் காலத்துலயும் மரம் கிடையாது. நாளன்னைக்கு எந்த மரம்னு எழுதிக் குடுக்கணும்."

"அறுபத்துநாலு" என்றாள் பூரணி.

"என்னது?"

"என் கையில வளந்த புங்கன். அறுபத்துநாலு. கொண்டுபோய்க் கொன்னுபோட்டு வந்து நிக்கறீங்க."

"நானா கொன்னேன்? அந்த ஜனம் கொன்னுச்சு."

"ஜனம் எங்கிட்ட வந்து செடி வாங்கலீங்க."

அவர் முகம் சிவந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகிழம், மந்தாரை, சரக்கொன்றை, நாவல். ஒவ்வொன்றுக்கும் எதிரே உயரம், வேரின் தன்மை, பூக்கும் மாதம். அழகான கையெழுத்து.

அவள் அதைத் தொடவில்லை. கை மண்ணாக இருந்தது.

"குழி எத்தனை ஆழம்?"

"ரெண்டடி."

"நாளைக்கு அதுல ஒண்ணுல இறங்கி நில்லுங்க. விடிஞ்சதுலயிருந்து பொழுது சாயற வரைக்கும்."

"என்ன அம்மணி, விளையாடறயா?"

"வெக்கப்போற மரம் எத்தனை வருஷம் நிக்கணும்?"

"நாப்பது."

"நீங்க ஒரு பகல் நில்லுங்க. நகரக்கூடாது. பேசக்கூடாது."

"எவனாச்சும் திட்டினா?"

"திட்டு வாங்கத்தான செடியை அனுப்புனீங்க."

"நிக்க மாட்டேன்னா?"

"வேற பண்ணையைப் பாருங்க."

அவர் வண்டியை உதைத்த உதையில் பண்ணையை ஒட்டிய சுடுகாட்டுச் சுவரில் இருந்த காக்கைகள் கிளம்பிப் பறந்தன.

மறுநாள் விடிகாலை, பட்டறைத் தெருவின் பதினேழாவது குழியில் அவர் நின்றார்.

முதலில் வந்தவர் டீக்கடைக்காரர்.

"என்னங்க சார், கடைசியில உங்களையே நட்டுட்டாங்களா? தண்ணி கிண்ணி ஊத்தட்டுங்களா?"

இன்னொருவர் சைக்கிளை நிறுத்தினார். "முத்தின நாத்து. வேர் புடிக்காது."

சென்னியப்பன் பல்லைக் கடித்தார்.

ஒரு ஆட்டோ பின்னால் வந்து அவர் முழங்கையை உரசிவிட்டுப் போனது. ஓட்டுநர் அவரையே முறைத்தான். குழியின் அடியில் சாக்கடை ஊறிக் கால் நனைந்தது. தலைக்கு மேல், எட்டிப் பிடிக்கிற மாதிரி, மின்கம்பிகள் தொய்ந்து கிடந்தன. பதினான்கு வருஷமாகப் பதிவேட்டோடு நடந்த தெரு. இந்தக் கம்பிகளை அவர் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது.

ஒரு நாய் வந்து குழிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தது. எப்போதோ வெட்டிப்போட்ட மரத்தின் நிழல் இன்னும் அங்கே மிச்சமிருக்கும் என்று நம்பியதுபோல. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. எழுந்து போய்விட்டது.

பதினோரு மணிக்கு எதிரே கதவு திறந்தது.

மாராத்தாள். மில் ஆட்களுக்கு வீட்டிலேயே சோறு ஆக்கிப் போடுகிறவள். இரண்டு கையிலும் துணி சுற்றி, கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி நிறைந்த போசியைப் பிடித்திருந்தாள். நேராகக் குழிக்கு வந்தாள்.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

"தள்ளுங்க."

அவர் நகரவில்லை. ஆக, இவள்தான். பதினேழாவது குழியின் இரண்டு புங்கன் கன்றுகளும் இவள் கையால்தான் போயிருக்கின்றன. கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெனமும் இதுலதான் ஊத்தறேன், தள்ளுங்க."

கஞ்சியின் ஆவி அவர் முகத்தில் அடித்தது.

"என்னைத் தெரியுதுங்களா சாருக்கு? தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல தூங்குமூஞ்சி மரம் வெச்சீங்க. சீக்கிரம் வளரும்னீங்க. வளந்துச்சு. இந்தச் சந்துல அதுக்கு எடம் ஏது? வேரு என் அடுப்படிக்கே வந்துச்சு. தரைக்கல்லு பேந்துச்சு. அதுல தடுக்கி விழுந்துதான் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போச்சு. அஞ்சு வருஷமாக் கட்டில்."

போசியைக் கீழே வைக்கவில்லை.

"கல்லு பேந்தப்பவே மனு குடுத்தேன். பதினோரு மனு. உங்க மேசைக்கு முன்னால நின்னுதான் குடுத்தேன். அப்பல்லாம் வராம, மூணு வருஷம் முந்தி ஒரு நாள் ஆள் அனுப்பி எல்லா மரத்தையும் வெட்டினீங்க. அதையும் எங்களைக் கேக்கல. இப்பப் பகல் ரெண்டு மணியிலிருந்து வெயில் நேரா சன்னல் வழியா அவரு மூஞ்சியில விழுது. புரளக்கூட முடியாத மனுசன். அதுக்கப்புறம் புங்கனைக் கொண்டுவந்து வெக்கறீங்க. அது எங்க போய் முட்டும்னு யாரைக் கேட்டீங்க?"

டீக்கடையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. நீங்க ஒரு சொட்டு ஊத்துனீங்களா? அதான் நான் ஊத்துனேன்."

சென்னியப்பனின் உதடு அசைந்தது. பிறகு இறுகியது.

"பாருங்க, இப்பவும் வாயைத் திறக்கல. பதினோரு தடவையும் இப்படித்தான். நான் பேசப் பேசக் கேட்டுட்டு, காகிதத்தை வாங்கி வெச்சுட்டு, இதே மூஞ்சியோட உக்காந்திருந்தீங்க."

போசியைச் சாய்த்தாள். முதல் துளி குழியின் விளிம்பில் விழுந்தது.

"கட்டில் எந்தச் சுவர் ஓரம்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

அவள் கை நின்றது.

"மேக்குச் சுவரு. சன்னலை ஒட்டி."

"சன்னல் எத்தனை உயரம்?"

"என் தோளுக்கு."

"மகிழம் வெச்சா வேரு உள்ள வராது. இலையும் உதிராது."

"எத்தனை நாளாகும்?"

"நிழல் சன்னலுக்கு வர... ஏழெட்டு வருஷம்."

மாராத்தாள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள்.

அவர் தன் தாளில் எழுதியிருந்த நாலு மரங்களையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக அடித்தார்.

"பூவரசு" என்றார். "செடியா வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கிளையைப் போத்தா வெட்டி நட்டா அடுத்த கோடைக்கே தழைஞ்சுரும். ஆனா வருஷா வருஷம் கழிக்கணும். இல்லாட்டிக் கம்பியில முட்டும்."

"அருவா இருக்குது எங்கிட்ட."

"நானும் வர்றேன்."

"வந்தா பாப்போம்."

அவள் போசியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். கதவைச் சாத்தினாள். வேகமாகத்தான் சாத்தினாள்.

பொழுது சாய்ந்ததும் சென்னியப்பன் பண்ணைக்கு வந்தார். கால் வீங்கியிருந்தது. கழுத்து வெயிலில் கறுத்திருந்தது.

"பேசிட்டேன் அம்மணி. முடியலை."

"என்ன பேசுனீங்க?"

"கட்டில் எங்க கிடக்குதுன்னு கேட்டேன்."

பூரணி முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்தார். பழைய பெயர்களெல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. கீழே பெரிதாக ஒரே பெயர் இருந்தது.

"தெரிஞ்சுபோச்சு. அந்தத் தெருவுக்கு மரம் பூவரசுதான். முப்பத்திரண்டு போத்து வேணும். காலையில எழுதிக் குடுத்துட்டு வண்டி அனுப்பறேன்."

பூரணியின் முகம் இருண்டது.

எழுந்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். பூவரசின் நேரான கிளை ஒன்றைத் தேர்ந்து, சரிவாக ஒரே வெட்டு வெட்டினாள். இலைகளைக் கழித்தாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் காத்திருந்தார்.

அவள் அரிவாளைக் கழுவி, துடைத்து, கூரையில் செருகினாள்.

"மிச்சம்?" என்றார்.

"மிச்சம் முப்பத்தொரு குழி இருக்குது" என்றாள் பூரணி. "போய் நில்லுங்க."