பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணி

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஒரு மடம். அங்கே இருந்த குருவின் பெயர் வீரசின்னம்மாள். வயது நாற்பதுக்குள். சீடர் பெத்தணனுக்கு அறுபது நெருங்குகிறது. வயதைப் பார்த்து யார் குரு என்று முடிவு செய்கிறவர்கள் அந்த மடத்துக்கு வருவதில்லை. தப்பித் தவறி வந்தாலும் அம்மா அவர்களை உட்காரச் சொல்வதில்லை.

பெத்தணன் சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேரும்வரை உடல் கெடாமல் இருக்க வேண்டுமே, அதற்கான கண்ணாடிப் பெட்டி. அவரிடம் இரண்டு இருந்தன. இரண்டும் கொஞ்ச காலமாக வீட்டில் சும்மா கிடந்தன. ஊருக்குள் புதிதாக ஒரு கம்பெனி பெட்டி விட ஆரம்பித்திருந்தது. சாவு ஒன்றும் குறையவில்லை, பெத்தணனைக் கூப்பிடுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். இப்படியே போனால் தொழிலை மூட வேண்டியதுதான். அவருக்கு இது ஒன்றைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அன்று காலை அவர் மடத்துக்கு வந்தபோது டை கட்டிய ஒருவரும் கூடவே வந்தார். பெயர் ஹரிகரன். இணைய டைரக்டரி ஒன்றின் ஆள். எந்த ஊரில் எந்த வேலைக்கு யார் என்று போனில் தேடினால் பெயரும் நம்பரும் காட்டுமே, அது. பணம் கட்டினால் பெயர் மேலே வரும்.

"அம்மா, இவர் வைரத் திட்டம்னு ஒண்ணு சொல்றாரு. ஒரு வருஷத்துக்குக் கட்டணும். என் பெட்டியில ஒண்ண வித்தாத்தான் முடியும். வாங்குற ஆளு மத்தியானம் வர்றாரு. கட்டலாமா, வேண்டாமா?"

அம்மா ஹரிகரனைப் பார்த்தார்.

"கட்டினா என்ன தம்பி கிடைக்கும்?"

"ஊர்ல யார் பெட்டி தேடினாலும் சார் பேர்தான் முதல்ல வரும்மா."

"அந்தப் புதுக் கம்பெனி?"

ஹரிகரன் டையைச் சரிசெய்தார். "அவங்களும் நம்ம வாடிக்கையாளர்தான்."

"என்ன திட்டம்?"

"வைரம்."

"அப்ப முதல் பேர் யாரு?"

"மாத்தி மாத்தி வரும்மா. ஒரு தடவை இவங்க, ஒரு தடவை அவங்க."

பெத்தணனுக்கு இது புதுச் செய்தி. ஆனாலும் ஆசை விடவில்லை. பாதி முதலிடம் கிடைத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தார். மூழ்குகிறவன் அப்படித்தான் நினைப்பான், அவரைக் குறை சொல்லி என்ன?

அம்மா எழுந்து, தரையில் பாயை விரித்து, தெற்கே தலைவைத்து மல்லாக்கப் படுத்துக்கொண்டார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"அண்ணே, நான் செத்துட்டேன்."

"அய்யய்யோ! என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா!"

"உசிரோட இருக்கிறவகிட்டக் கேட்டீங்க, பதில் கிடைக்கல. இப்ப நீங்க பெட்டிக்காரர் இல்ல. தங்கச்சியப் பறிகொடுத்தவர். எனக்குப் பெட்டி வேணும். யாரைக் கூப்பிடுவீங்க?"

பெத்தணன் யோசித்தார். படுத்திருக்கிற அம்மாவைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிஜமாகவே சாவு வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

"சங்கு ஊதுற கருத்தபாண்டி அண்ணனத்தான். சங்குக்கும் சொல்லணும், பெட்டிக்கும் அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

"கூப்பிடுங்க. உங்க குரல் அவருக்குத் தெரியும். தம்பி பேசட்டும்."

ஹரிகரன் தயங்கினார். "பொய் சொல்லணுமாம்மா?"

"முதல் பேர்னு ரெண்டு பேர்கிட்டச் சொன்னீங்களே. இது அதைவிடச் சின்னதுதான்."

ஹரிகரன் பெத்தணனிடம் நம்பரைக் கேட்டுக்கொண்டார். தன் போனில் நம்பரைப் போட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, இங்க ஒரு அம்மா தவறிட்டாங்க. ஃப்ரீசர் பெட்டி வேணும். யாரைக் கேக்கலாம்?"

"அடடா, பாவமே. எழுதிக்கங்க தம்பி," என்று கருத்தபாண்டி மளமளவென்று ஒரு நம்பரைச் சொன்னார். அது புதுக் கம்பெனியின் நம்பர்.

பெத்தணனின் முகம் செத்துப்போயிற்று. அம்மா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். இன்னும் கேள் என்று அர்த்தம்.

"பெத்தணன்னு ஒருத்தர் பெட்டி வச்சிருக்காராமே அண்ணே?"

"வச்சிருக்காரு. தங்கமான மனுசன். இந்தக் கம்பெனிக்காரன் பெட்டிய இறக்கிட்டு அடுத்த நிமிஷம் வண்டியக் கிளப்பிருவான். அவரு அப்படியில்ல, எடுக்குறவரைக்கும் கூடவே நிப்பாரு. ஆனா அவரு நம்பர் யாருக்குத் தெரியும்? கம்பெனிப் பெட்டியில முழ நீளத்துக்கு எழுதியிருக்கு, பாத்துப் பாத்து மனப்பாடமாயிருச்சு. இவரு தன் பெட்டியில நம்பர் இருக்கிற இடத்துல வெள்ளைத் துணியப் போட்டு மூடிருவாரு. வர்ற சனம் எதைப் பாத்து எழுதிக்கும்? சரி, எந்தத் தெரு தம்பி?"

"திரும்பக் கூப்பிடுறேண்ணே," என்று ஹரிகரன் போனை வைத்தார்.

பெத்தணனுக்குக் கோபம் வந்தது. கருத்தபாண்டி மேல் பாதி, தன் மேல் பாதி.

"வேணும்னா மூடினேன்? முதல்முதலா பெட்டி கொண்டுபோன வீட்டுல, மிராசு மாயாண்டி ஐயா எல்லார் முன்னாடியும் கேட்டாரு. 'என்னப்பா, அடுத்த சாவுக்கும் என்னையே கூப்பிடுங்கன்னு நம்பர் எழுதி வச்சிருக்கியா'ன்னு. செத்த வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லிக்கிட்டுக்கூட கிளம்ப மாட்டோம். அங்க போயி நம்பரைக் காட்டுறதா? கூசிப்போச்சும்மா. அன்னைக்குப் போட்ட துணிதான்."

"மாயாண்டி ஐயா இப்ப எங்க?"

"தையில தவறிட்டாரு."

"யார் பெட்டி?"

பெத்தணன் மெதுவாகச் சொன்னார். "கம்பெனிப் பெட்டி. அவரு மகன் டீக்கடையில பாத்துச் சொன்னான். 'உங்களத்தான் மாமா தேடினோம், நம்பர் யார்கிட்டயும் இல்ல'ன்னு. ஏதோ மரியாதைக்குச் சொல்றான்னு நினைச்சேன்."

ஹரிகரன் இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார். "அதனாலதான் சார் சொல்றேன். டைரக்டரியில இருந்தா நம்பர் இல்லைங்கிற பேச்சே வராது."

பாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, உங்க வீட்டுல யாரும் தவறியிருக்காங்களா?"

"அப்பா. போன ஆடியில."

"பெட்டி எப்படி வந்துச்சு?"

"எதிர்வீட்டு அத்தை சொல்லி விட்டாங்க. முன்னாடி அவங்க வீட்டுக்கு வந்த பெட்டியில நம்பர் பாத்து வச்சிருந்தாங்களாம்."

"உங்க டைரக்டரியில தேடலையா?"

ஹரிகரன் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அன்னைக்கு என் போன் எங்க கிடந்துச்சுன்னே எனக்குத் தெரியாதும்மா."

அதைச் சொன்னபோது அவர் விற்பனைக்காரர் மாதிரி இல்லை. ஆனால் விற்பனைக்காரருக்கு மேலே ஒரு மேலாளர் உண்டு, அந்த மேலாளருக்கு மாதக் கடைசி உண்டு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், சலுகை இன்னியோட முடியுது. நீங்க எடுக்கலேன்னா முதல் இடம் முழுசா அந்தக் கம்பெனிக்கே போயிரும். உங்க பேரை யாரும் தேடினாக்கூட அவங்க நம்பர்தான் மேல நிக்கும். அப்புறம் வருத்தப்படாதீங்க."

பெத்தணன் நிமிர்ந்தார். இத்தனை நாள் கூனிக்கொண்டிருந்த மனிதர் அப்படி நிமிர்ந்ததில் ஹரிகரனே ஓர் அடி பின்னால் போனார்.

"போகட்டும்! முழுசா அவனே வச்சுக்கட்டும். என் பேரைத் தேடுறவனுக்கு அவன் நம்பரைக் காட்டுவேன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்றீங்களா? காட்டுங்க. ராத்திரி பகல்னு பாக்காம எத்தனை வீட்டு வாசல்ல நின்னிருக்கேன், அந்த வீடுகளுக்கெல்லாம் என்னைத் தெரியும். உங்க வைரத்துக்காக என் பெட்டிய விக்க மாட்டேன், கிளம்புங்க."

ஹரிகரன் பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, படுத்திருந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ, சொல்ல மறந்தாரோ.

பெத்தணனுக்கு வேகம் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் பழைய பயம் மெல்ல எட்டிப் பார்த்தது.

"அம்மா, எந்திரிங்க. அந்த ஆளு பெட்டி வாங்க வந்துருவாரே. வாக்குக் குடுத்துட்டேன். அவருகிட்ட என்ன சொல்ல?"

அம்மா அசையவில்லை. கட்டைவிரல்கள் சேர்ந்தபடியே இருந்தன.

"செத்தவகிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டே நிக்கிறீங்களே அண்ணே. வெயில் ஏறுது, போய்ப் பெட்டியக் கொண்டாங்க. அந்த ஆளு வந்தா, பெட்டியில ஆள் இருக்குன்னு சொல்லிருங்க. துணி மட்டும் வேண்டாம்."