களைக்காத சடையன்

கோடையில் காட்டாறு வற்றிவிட்டது. மணலில் ஊற்று தோண்டினால்தான் குடிக்கத் தண்ணீர். அதுவும் பொழுது விடிவதற்குள் தூர்ந்துபோகும். அதனால் தினம் ஒருவர் தோண்ட வேண்டும். இன்று பன்றி, நாளை நரி, மறுநாள் முள்ளம்பன்றி, அதற்கடுத்து கரடி. இதுதான் அந்தக் காட்டின் முறை.

பன்றி சடையன் தன் முறையை முடித்துவிட்டு அக்கடாவென்று படுத்திருந்தான். மறுநாள் காலை நரி வந்தது.

"அண்ணே! உங்களுக்கு ஒரு பட்டம் கொண்டுவந்திருக்கேன். இன்டிஃபாட்டிகபிள்!"

"என்னப்பா அது? வாயிலேயே நுழையலையே!"

"இங்கிலீஷ் அண்ணே! ஃபாரஸ்ட் பங்களாவில் பெரிய ஆபீசர் சொல்லக் கேட்டேன். எவ்வளவு உழைச்சாலும் களைக்காதவர்னு அர்த்தம். லட்சத்தில் ஒருத்தரைத்தான் அப்படிச் சொல்லுவாங்களாம்!"

சடையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று நரியின் முறைக்கும் அவனே தோண்டினான். மறுநாள் முள்ளம்பன்றி வந்து அதே வார்த்தையைச் சொன்னது. அதற்கடுத்த நாள் கரடியும் சொன்னது. இளிச்சவாயன் கிடைத்தால் தலையில் மிளகாய் அரைக்க ஆளுக்கா பஞ்சம்!

இருபது நாள் இப்படியே போனது. சடையனின் குளம்பு பிளந்தது, மூக்குத்தோல் உரிந்தது. மூச்சு விடவே அலுப்பாக இருந்தது.

"இன்னைக்கு ஒருநாள் படுங்களேன். செத்துக்கித்துப் போயிடப்போறீங்க!" என்று அழுதாள் அவன் மனைவி பூவாயி.

"படுத்தா பட்டம் போயிடுமே, பூவாயி!"

படுக்கத்தான் அவனுக்கும் ஆசை. ஆனாலும் எழுந்து போனான். பாதிக் குழி தோண்டியதும் கண் இருட்டி, அங்கேயே சுருண்டு விழுந்தான்.

தாகத்தோடு எல்லாரும் வந்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. நரி குனிந்து அவன் காதில், "இன்டிஃபாட்டிகபிள்! எழுந்திருங்க அண்ணே!" என்றது.

சடையன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"களைச்சுப்போச்சு நரி. இத்தனை நாள் சொல்ல வெக்கமா இருந்தது. உன் வார்த்தையை அந்தக் குழிக்குள்ள போட்டுப் பாரு, தண்ணி வருதான்னு!"

வெயில் ஏறியது. எல்லாருக்கும் நாக்கு வறண்டது. வேறு வழியில்லாமல் நரி குழிக்குள் இறங்கியது. நாலு தரம் மணலைப் பறிப்பதற்குள், "ஐயோ, என் இடுப்பு!" என்று அலறியது.

"தோண்டுய்யா, இன்டிஃபாட்டிகபிள்!" என்று உறுமியது கரடி. "நாளை மறுநாள் என் முறையாச்சே" என்று அதற்குப் பிறகுதான் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டது.

சடையன் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஓடி வந்திருந்த பூவாயியின் மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

புகழ்ந்து புகழ்ந்து உன்னிடம் வேலை வாங்குகிறவன், உன் களைப்பை மட்டும் ஒருநாளும் வாங்கிக்கொள்ள மாட்டான்.