ஆளு வந்திருக்குதுங்க

பாவாயி அம்மாவுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் திருமூர்த்திக்கு அறுபத்திரண்டு. இது தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும்.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, வருகிறவர்களுக்குச் சோறு, அவ்வளவுதான். முதலில் பாவாயியின் அப்பா அங்கே பேசிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு பாவாயி பேசினார். அப்பாவைவிடக் குறைவாகப் பேசினார். அதுவே பலருக்குப் பிடித்துப்போனது.

திருமூர்த்தி கோயமுத்தூரில் பம்ப் உதிரிபாகம் கடைகிற கம்பெனி வைத்திருந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தாலும் "போங்க" என்றுதான் சொல்வார். அந்தப் பக்கத்து ஆட்கள் வழியை மறிக்கிற மாட்டைக்கூட "நகருங்க" என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் பாதி பொறாமை.

ஐப்பசியில் ஒரு காலை அவர் மடத்துக்கு வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. பாவாயி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, தூங்கலீங்களா?"

"தூக்கமாவது ஒண்ணாவது. ஆளு நிக்க மாட்டேங்குதுங்கம்மா."

"எந்த ஆளு?"

"எந்த ஆளுமே. உள்ளூர்ப் பசங்க பைக்கை எடுத்துட்டுச் சோத்துப் பொட்டலம் கொண்டு போய்க் குடுக்கறதுக்குப் போயிருச்சு. வடக்கே இருந்து ஆளு எறக்குனேன். பண்டிகைக்கு ஊருக்குப் போச்சு, பாதிதான் திரும்பி வந்துச்சு. சரி, காலம் மாறிப்போச்சு, படிச்ச பொண்ணுகளை எடுப்போம்னு எடுத்தேன். கொஞ்ச நாள் இருக்குது. அப்பறம் சொல்லாமக் கொள்ளாமப் போயிருது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்னதாங்க செய்யலை? சம்பளத்தை ஏத்துனேன். ஹாஸ்டல் கட்டுனேன். ஞாயித்துக்கெழமை கறிச்சோறு. பொறந்த நாளுக்குக் கேக்கு வெட்டுங்கன்னு ஒரு கன்சல்டன்ட் சொன்னாரு, அதையும் வெட்டுனேன். கேக்கைத் தின்னுட்டுப் போயிருச்சு."

பாவாயி சிரிக்கவில்லை. அடுத்த பிடி காயை எடுத்தார்.

"தை மாசத்துக்குள்ள ரெண்டாவது ஷிஃப்ட் ஓட்டியாகணுமுங்க. இல்லீன்னா ஆர்டரை வேற பக்கம் குடுத்துருவோம்னுட்டாங்க. அது போனாக் கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்பனும் நானும் கட்டுன கம்பெனி." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாத்துனா நான் என்னத்துக்கு ஆவேன்? ஆளை எப்படிங்க புடிச்சு நிறுத்தறது?"

பாவாயி வேறொன்று கேட்டார்.

"புதுசா ஏதோ மெஷின் வாங்குனீங்களே, அது எப்படி இருக்குது?"

திருமூர்த்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அவளுக்கென்னங்க, ராசாத்தி. ஜப்பான்காரி. இத்தனை வருசத்துல இப்படி ஒருத்தியை நான் பாத்ததில்லை."

"வந்தன்னைக்கே வேலையைக் குடுத்துட்டீங்களா?"

"அதெப்படிங்க? கப்பல்ல வந்தவ. புது ஊரு, புதுக் கரண்டு. ஒரு வாரம் லோடே ஏத்தலை. மெதுவா ஓட விட்டுட்டுச் சத்தத்தைக் கேட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எடுத்ததும் சுமையை வெச்சாப் பின்னாடி அவ நமக்கு ஒழைப்பாளா? இப்பவும் மத்தியானச் சூட்டுல கொஞ்சம் சொணங்குவா. அப்ப அவசரப்படுத்தக் கூடாது. விட்டாத் தானாச் சரியாயிருவா."

"புதுசா வர்ற ஆளு?"

"அதுக்கு வந்தன்னைக்கே டார்கெட் குடுத்துருவோமுங்க. இல்லாட்டிச் சோம்பேறி ஆயிரும்."

மெஷினை 'அவள்' என்றும் மனிதரை 'அது' என்றும் சொல்கிற அந்தக் கம்பெனிக்குள் இலக்கண வாத்தியார் யாரும் போனதில்லை. போயிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பார்.

பாவாயி அரிவாள்மனையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"நாளைக்கு நான் வேலைக்கு வர்றேன்."

"கம்பெனிக்குங்களா? தாராளமா வாங்க. கார் அனுப்பறேன். பூஜைக்குச் சொல்லி..."

"வேலைக்குண்ணா. புது ஆளு எந்த வழியா வருதோ அந்த வழியா. நான் யாருன்னு நீங்க வாயைத் தெறக்கக் கூடாது."

திருமூர்த்தி கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. குரு சொன்னால் சீடன் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் போட்டவர்கள் குருமார்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மறுநாள் காலை மாடி அறையில் அவர் இருப்புக் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"ஐயா, ஆளு ரெண்டு வந்திருக்குதுங்க. ரெண்டும் பொம்பளை."

திருமூர்த்தி எழுந்து படியில் பாதி இறங்கி நின்றுகொண்டார். கீழே வெளுத்த நீலப் புடவையில் பாவாயி நின்றார். பக்கத்தில் தோளில் பையோடு ஒரு பெண். டிப்ளமோ முடித்துவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தவள், பெயர் ரெஜினா. முந்தின நாள்தான் கம்பெனி ஹாஸ்டலில் வந்து இறங்கியிருந்தாள்.

சூப்பர்வைசர் நஞ்சப்பன் வந்தார். கெட்டவர் அல்ல. முதலாளி எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசிப் பழகியவர்.

"இது ரெண்டும் புதுசா? சின்னது படிச்சதாட்ட இருக்குது, மெஷினுக்குப் போகட்டும். பெருசைப் பிசிறு தேய்க்கற எடத்துல விடு. தேறுமான்னு தெரியலை."

திருமூர்த்திக்குக் காது சூடேறியது. மடத்தில் அந்தப் பெருசின் எதிரே சம்மணம் போட்டு உட்காரக்கூட அவர் கூசுவார். படிக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

பாவாயி அரத்தை எடுத்து இரும்புத் துண்டுகளின் ஓரத்தைத் தேய்த்தார். மெதுவாகத் தேய்த்தார். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மடத்தில் காய் நறுக்குவதும் அப்படித்தான். அங்கே அதைத் தியானம் என்பார்கள். இங்கே நஞ்சப்பன் வேறு பெயர் வைத்திருந்தார்.

"இது வேலைக்கு ஆவாதுங்கய்யா," என்று மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்தச் சின்னதும் தேறாதாட்ட இருக்குது. கேட்ட எண்ணிக்கை வரலை. மத்தியானத்தோட பெருசை அனுப்பிரலாமுங்களா? நாளைக்கு வேற ஆளு வரும்."

அதற்கு மேல் திருமூர்த்தியால் முடியவில்லை. இறங்கி வந்தார்.

"நஞ்சப்பா, அதுன்னு சொல்லாதே."

"எதைங்கய்யா?"

"இவங்களை."

"நான் ஆளைத்தானுங்க சொன்னேன்."

"ஆளு இல்லை. இவங்க யாருன்னு தெரியுமா உனக்கு? இவங்க..."

பாவாயி நிமிர்ந்து பார்த்தார். திருமூர்த்தி மென்று விழுங்கினார்.

"இவங்க வயசானவங்க. ஒரு நாற்காலி கொண்டா."

நஞ்சப்பனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பாவாயி உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ரெஜினாவுக்குப் பின்னால் வைத்தார்.

"உக்காரு கண்ணு. காலையில இருந்து நிக்கறே."

ரெஜினா நஞ்சப்பனைப் பார்த்தாள். நஞ்சப்பன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி குருவைப் பார்த்தார். ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு நாலு பேரும் நின்றார்கள்.

"வேண்டாங்க்கா," என்றாள் ரெஜினா. "சாயங்காலம் ஊருக்குப் போறதுக்குப் பஸ் பாக்கணும். நாளைக்கு நான் வரலை."

"ஏம்மா?" என்றார் திருமூர்த்தி. "சம்பளம் பத்தலையா?"

"சம்பளம் நல்ல சம்பளம் சார். இந்த மெஷின் எனக்குப் புதுசு. காலேஜ்ல பாத்தது வேற. கை பழகறதுக்குள்ள வந்து எண்ணிக்கை கேட்டாங்க. தேறாதுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு." அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "தேறாதது எதுக்கு சார் நாளைக்கு வரணும்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருமூர்த்திக்குப் பதில் கிடைத்திருக்கும்.

மாலை அவரே காரை ஓட்டிக்கொண்டு பாவாயியை மடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். ஈச்சனாரி தாண்டியது. பிறகு அடக்க முடியாமல் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. உங்களைப் போயி அதுன்னு, பெருசுன்னு... எனக்கு நாக்கைப் புடுங்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு."

"என்னை மட்டுமாண்ணா சொன்னாங்க?"

கார் ஓடியது. கிணத்துக்கடவு வந்தது. தோப்புக்குள் திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ணை எப்படிங்க நிறுத்தறது? வர மாட்டேன்னுட்டாளே."

"ஜப்பான்காரி வந்தப்ப யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலீங்க. பக்கத்துல உக்காந்திருந்தேன்."

பாவாயி கதவைத் திறந்து இறங்கினார். விரல்களில் இரும்புக் கறை ஏறியிருந்தது. கிணற்றடிக்குப் போய்விட்டார்.

திருமூர்த்தி நேராக ஹாஸ்டலுக்கு விட்டார். ரெஜினா பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வாழ்நாளில் வேலைக்காரர் யாரிடமும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஒரு வாரம் டார்கெட் வேண்டாம்மா. மெதுவா ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"நீங்களா சார்? உங்களுக்கு வேலை இல்லையா?"

"இதுதாம்மா இப்ப எனக்கு வேலை."

அவள் நம்பவில்லை. ஆனால் பையைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையே உட்கார்ந்தார். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஓட்டுகிறவளின் சத்தமும் கேட்கத் தொடங்கியது. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சுற்று ஊர்களுக்குப் போகப் பஸ் கிடையாது என்பது தெரிந்தது. ஷிஃப்ட் நேரத்தை மாற்றினார். ஒடிசாவிலிருந்து வந்திருந்த பிபின், பொங்கலுக்குப் பிறகு வருகிற தங்கையின் கல்யாணத்துக்கு லீவு கேட்கவே பயந்துதான் சொல்லாமல் ஓட இருந்தான் என்பது தெரிந்தது. "போயிட்டு வாங்க, உங்க மெஷினை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றார். பிபினுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் "வாங்க" புரிந்தது.

அதிகம் கஷ்டப்பட்டவர் நஞ்சப்பன்தான். ஆளை 'அது' என்று சொல்லக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் கேட்டிலிருந்து சேதி வந்தால் "ஆளு வந்திருக்குது... காங்க" என்பார். பாதி வழியில் திரும்புகிற லாரி மாதிரி வார்த்தை முட்டிக்கொண்டு நிற்கும். பெண்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவரும் சிரித்தார். பிறகு அவருக்குப் பழகிவிட்டது.

ரெஜினா போகவில்லை. மார்கழியில் கூடப் படித்தவர்களுக்குப் போன் போட்டாள். பிபின் தன் ஊருக்குப் போட்டான். போனில் என்ன சொன்னார்களோ, நமக்குத் தெரியாது. ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் திருமூர்த்தி மடத்துக்கு வந்தார். கையில் கரும்பு, மஞ்சள்கொத்து, ஒரு பெட்டி மைசூர்பாகு. முகம் பத்து வயது குறைந்திருந்தது. பாவாயி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது ஷிஃப்ட் ஓடுதுங்கம்மா. ஆர்டர் நம்மகிட்டயே நின்னுருச்சு."

"நல்லதுண்ணா. கம்பெனி பொழைச்சுது."

"உங்க புண்ணியமுங்க."

"ரெஜினா எப்படி இருக்கறா?"

"அவதானுங்க எல்லாத்துக்கும் காரணம். அவகூடப் படிச்சதுன்னு ஒரு கும்பலே வந்திருக்குது. பிபின் ஊர்ல இருந்து இன்னொரு கும்பல். ஹாஸ்டல்ல எடம் பத்தாம வெளிய வீடு புடிச்சிருக்கறேன். இன்னும் வந்துட்டே இருக்குது."

அவர் நன்றாகச் சம்மணம் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து பாவாயியின் பக்கம் தள்ளினார்.

"நெஞ்சுல இருந்த பாரமே எறங்கிருச்சுங்க. இனி எனக்கென்ன கவலை? ஒண்ணு போனா ஒண்ணு வரும்."

'ஒண்ணு' என்ற வார்த்தையில் முறம் ஒரு முறை நின்றது. பிறகு மறுபடி புடைத்தது.

"கேட்டுல 'ஆட்கள் தேவை'ன்னு ஒரு போர்டு வருசக்கணக்காத் தொங்கிட்டிருந்துச்சு," என்றார் திருமூர்த்தி. "அதையும் இன்னைக்குக் கழட்டிரச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"கழட்டியிருப்பாங்களா?"

"இருக்காதுங்க. பூஜை முடிஞ்சுதான் ஏணி எடுப்பாங்க."

பாவாயி உமியை ஊதித் தள்ளினார்.

"அப்ப ஒரு போன் போட்டுச் சொல்லிருங்கண்ணா. போர்டு இருக்கட்டும்."