குடத்துக்குக் குறிவைத்த உண்டைவில்

பெரிய மனிதர் கையில் புது விளையாட்டுச் சாமான் கிடைத்தால் ஊருக்குக் கேடுகாலம் என்று அர்த்தம். கொன்றையூர் அரசர் வல்லபராயருக்குக் கிடைத்தது ஓர் உண்டைவில்.

உண்டைவில் நமக்குப் புதிதா என்ன? தினைக்காட்டில் கிளி விரட்டுகிறவன்கூட வைத்திருப்பான். ஆனால் அவனுடையதில் ஒரு தடவைக்கு ஒரு மண்ணுருண்டைதான். சீனத்து வணிகன் ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த இந்த வில்லின் முதுகில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டி நிறைய உருண்டை. கைப்பிடியைத் தள்ளி இழுத்தால் உருண்டை ஒன்று தானே விழும், நாண் தானே ஏறும், பாயும். மறுபடி இழுத்தால் அடுத்தது. மூச்சு விடுவதற்குள் பெட்டி காலி.

அரசர் முதலில் காக்கையை அடித்தார். பிறகு மாங்காய். பிறகு ஒருநாள் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்து வந்த பெண்ணின் குடத்தில் ஓர் உருண்டை பட்டு, 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அந்தச் சத்தத்தில் சொக்கிப்போனார். அன்றிலிருந்து அவரும் தளபதி செண்டலங்காரனும் மேல்மாடத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிற குடத்தையெல்லாம் உடைக்கத் தொடங்கினார்கள்.

அமைச்சர் சிற்றம்பலம் இதைக் கண்டும் காணாமல் இருந்தார். அரசரைத் தட்டிக் கேட்க அவருக்கும் பயம்தான். ஆனால் ஒரு மத்தியானம் பசியோடு வீட்டுக்குப் போனால், அடுப்பில் பூனை தூங்குகிறது. மனைவி உமையாள் தலைமுதல் கால்வரை நனைந்து நிற்கிறாள்.

"சோறு எங்கே?"

"குளத்தங்கரைப் பாதையில கெடக்கு, போய் அள்ளிட்டு வாங்க. மூணு குடம் போச்சு. ஊர்ல ஒருத்தி வீட்லயும் உலை வைக்கல. ராசாகிட்ட வாய் தொறக்க முடியாட்டி, நீங்க என்னத்துக்கு மந்திரி?"

பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள். சிற்றம்பலத்துக்குப் பயமும் சேர்ந்து பறந்தது. நேரே அரண்மனைக்குப் போனார்.

"அரசே, ஊர் தண்ணீரில்லாமல் தவிக்கிறது. இந்த விளையாட்டு போதுமே."

வல்லபராயர் முகம் சுருங்கியது. "யார் தலையிலாவது பட்டதா? குடம்தானே உடைகிறது!"

"என் குறி தப்பாது, அமைச்சரே" என்று மீசையை முறுக்கினான் செண்டலங்காரன். "வேண்டுமானால் நீங்களே ஒரு குடத்தைச் சுமந்து பாருங்கள்."

அரசருக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. "அப்படியே செய்வோம்! நாளை மறுநாள் காலை, சிற்றம்பலம், நீர் தண்ணீர்க் குடத்தோடு இந்த முற்றத்தைக் கடக்க வேண்டும். தளபதி எய்வார். குடம் பிழைத்தால் இந்த வில்லைப் பரணில் போட்டுவிடுகிறேன். உடைந்தால் உமக்கு மந்திரி வேலை கிடையாது. ஆயுள் முழுக்கத் தளபதிக்கு உருண்டை உருட்டிக்கொண்டிரும்!"

சிற்றம்பலம் ஒரு நொடி யோசித்தார். "உத்தரவு. எப்படியும் எனக்கு அந்த வேலைதான் வாய்க்கப்போகிறது. அன்றைக்கு வேண்டிய உருண்டைகளை நானே உருட்டிப் பழகிக்கொள்கிறேனே?"

"பச்சை மண்ணாகக் கொண்டுவந்து ஏமாற்றுவார்!" என்றான் தளபதி.

"தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளும்" என்றார் அரசர்.

அந்தக் காலையில் முற்றம் கொள்ளாத கூட்டம். சிற்றம்பலம் ஒரு பெரிய தாம்பாளம் நிறைய உருண்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். செண்டலங்காரன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். வெயிலில் காய்ந்து கல்லாக இருந்தன. "பலே! நன்றாகவே உருட்டியிருக்கிறீர்."

"உங்கள் ஆசீர்வாதம்" என்ற சிற்றம்பலம், மடியிலிருந்து ஒரு கட்டு அருகம்புல்லை எடுத்தார். உருட்டும்போதே ஒவ்வோர் உருண்டையின் உச்சியிலும் குத்திவைத்திருந்த சிறு துளையில் ஒரு புல்லைச் செருகினார். பொட்டுப் பொட்டாகக் குங்குமம் வைத்தார். கற்பூரம் ஏற்றி மணியை ஆட்டினார்.

மணிச்சத்தம் கேட்டதும் அரசர் எழுந்துவிட்டார். பழக்க தோஷம்! தலையில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். அரசர் போட்டால் சபை சும்மா இருக்குமா? மொத்தக் கூட்டமும் போட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வாளைத் தொடாத செண்டலங்காரன், எல்லோரையும்விட அதிகமாகவே போட்டான்.

சிற்றம்பலம் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "தளபதியாரே, தொடங்கலாம்."

செண்டலங்காரன் ஓர் உருண்டையை எடுத்தான். அருகம்புல் ஆடியது. மெல்லக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்ன தாமதம்? எய்யும்!" என்றார் அரசர்.

"பிள்ளையாரை எப்படி அரசே எய்வது?"

"மண்ணுருண்டைதானேய்யா அது!"

"கும்பிட்டாச்சே அரசே. தாங்களும்தானே கும்பிட்டீர்கள்?"

அரசர் தாம் குட்டிக்கொண்ட தலையைத் தடவிக்கொண்டார். சிற்றம்பலம் தள்ளாடித் தள்ளாடி முற்றத்தைக் கடந்து வந்து சேர்ந்தார். குடம் முழுதாக இருந்தது. தண்ணீரில் பாதி அவர் வேட்டியில் இருந்தது.

"பிடித்து வைத்தால் பிள்ளையார், அரசே" என்றார் மூச்சு வாங்க. "இனி இவரை மேளதாளத்தோடு குளத்தில் கரைக்க வேண்டியதுதான். பெண்கள் சுமக்கிற மாதிரி சிந்தாமல் சுமக்க எனக்கு வரவில்லை. அதற்கு மட்டும் மன்னிக்க வேண்டும்."

வல்லபராயருக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் விட மனமில்லை. வில்லை ஆசையோடு தடவிப் பார்த்தார்.

"மண் என்பதால்தானே தப்பித்தீர்? நாளைக்கே கல்லில் உருண்டை செய்யச் சொல்கிறேன். அப்போது என்ன செய்வீராம்?"

சிற்றம்பலம் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"எனக்கு வேலை மிச்சம், அரசே. மண்ணைச் சாமியாக்க நான் உருட்ட வேண்டியிருந்தது, புல் தேட வேண்டியிருந்தது. நம் ஊரில் கல்லை ஓர் ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினாலே போதும், அடுத்து வருகிறவர் மஞ்சள் பூசிக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், வில்லைச் சிற்றம்பலத்திடமே கொடுத்துவிட்டார்.